இன்டர்ஸ்டேட் 76: வேகத்தைக் கட்டினால்தான் ஓடும் கார்

இன்டர்ஸ்டேட் 76 என்ற கார்ச் சண்டைக் கணினி விளையாட்டை ஒரு மணி நேரம் ஆடிவிட்டு மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, தாண்ட வேண்டிய பள்ளத்தில் ஒவ்வொரு முறையும் விழுகிறது, தீப்பீச்சியின் நெருப்பு முன்பக்க பம்பரைக்கூடத் தாண்டவில்லை என்பார்கள். இவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும். வினாடிக்கு எத்தனை ஃபிரேமில், அதாவது திரையில் வினாடிக்கு எத்தனை படம் மாறும் வேகத்தில், ஆடினீர்கள்? 60 என்று பதில் வந்தால், அவர்கள் இந்த விளையாட்டை இன்னும் ஆடவே இல்லை. 20 ஃபிரேமில் கட்டி ஓட்டிப் பார்த்த பிறகு சொல்லும் கருத்துதான் கணக்கில் வரும். அப்படி ஓட்டிப் பார்த்தால், காரை ஓர் உயிருள்ள பொருளாக, அடிபட்டு, தேய்ந்து, மறுபடி பழுது பார்த்து எடுத்துப் போகும் பொருளாக நடத்திய விளையாட்டு இதைப் போல வேறு இல்லை என்பது புரியும்.

ஆக்டிவிஷன் 1997 இல் விண்டோஸுக்கு வெளியிட்ட விளையாட்டு இது. அடித்தளமாக இருந்தது அதே நிறுவனம் 1995 இல் வெளியிட்ட மெக்வாரியர் 2 இன் எஞ்சின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல். நடந்து போகும் ராட்சத இயந்திர மனிதர்களுக்காக எழுதிய நிரலில் நான்கு சக்கரத்தைப் பூட்டியிருக்கிறார்கள். இதை வெறும் பழங்கதையாக ஒதுக்க முடியாது; விளையாட்டின் நல்லதும் கெட்டதும் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது.

கதைக்களம் உண்மையான ஒரு நிகழ்வைப் பிடித்து நகர்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. 1974 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. அந்த நெருக்கடி தீரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1976, அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலம். பெட்ரோல் பொன்னாகிவிட்டது, காவல்துறை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, நெடுஞ்சாலை கொள்ளைக்காரர்களிடம் போய்விட்டது. அவர்களை எதிர்க்கத் தங்கள் கார்களிலேயே துப்பாக்கி பூட்டிக்கொண்டு கிளம்பும் தனியாட்களில் ஜேட் என்ற பெண்ணும் ஒருத்தி. அவளை மலோக்கியோ என்பவன் கொன்றுவிடுகிறான். அவளுடைய தம்பி குரூவ் சாம்பியன்தான் நீங்கள். அக்காள் ஓட்டிய பிரானா கார் உங்கள் கைக்கு வருகிறது. பெயர் மாறினாலும் அந்த உருவத்தைப் பார்த்ததும் பிளிமத் பாரகூடா என்று கார் பிரியர்கள் சொல்லிவிடுவார்கள். கூட வருபவர்கள் இரண்டே பேர்: அக்காளின் நண்பன் டாரஸ், மெக்கானிக் ஸ்கீட்டர்.

டாரஸைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டில் அவனிடம் கவிதை கேட்பதற்கென்றே ஒரு விசை உண்டு. சுட்டு முடித்து, புகை அடங்கி, இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெறும் சாலையில் போகும்போது அதை அழுத்துங்கள். வானொலி ஒரு கணம் கரகரக்கும். பிறகு ஆழமான, அவசரமில்லாத அந்தக் குரல் சில வரிகளைச் சொல்லும். மரணத்தைப் பற்றி, சாலையைப் பற்றி, தனிமையைப் பற்றி. குரல் கொடுத்தவர் கிரெக் ஈகிள்ஸ். சொல்லி முடித்ததும் அமைதி. எஞ்சின் சத்தம் மட்டும். வெற்றிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, புள்ளி எதுவும் ஏறாது. ஆனாலும் தோழன் ஒருவன் பின்னால் வருகிறான் என்ற உணர்வை, பிற்காலத்தில் பெருஞ்செலவில் வந்த பல விளையாட்டுகள் இந்த அளவுக்குத் தரவில்லை.

கிராஃபிக்ஸ் எப்படி என்று கேட்டால், 1997 இன் கிராஃபிக்ஸ்தான். மலைகள் மடித்த அட்டைபோல இருக்கும். கதைக் காட்சிகளில் ஆட்களின் முகத்தில் கண், மூக்கு விவரமே இருக்காது; ஒரே வண்ணத் தளங்களாக வெட்டிய உருவங்கள். இதைக் குறையாக எண்ண வேண்டாம். எழுபதுகளின் தொலைக்காட்சித் தொடர்போலத் தொடக்க எழுத்து, காட்சிக் கோணம், வெட்டு என்று எல்லாம் ஒரே பாணியில் இருப்பதால் முகம் இல்லாதது உறுத்தவில்லை. இசையும் அப்படித்தான். தேர்ட் ஐ பிளைண்ட் ராக் குழுவின் அன்றைய பேஸ் கிட்டார் கலைஞர் ஏரியன் சலசார் பங்கேற்று உருவான ஃபங்க் இசை அது. இந்த இசை இல்லாமல் ஆடினால் பாதி விளையாட்டு போச்சு. அந்தப் பிரச்சினைக்குக் கீழே வருகிறோம்.

இப்போது காருக்கு வருவோம். காரின் முன், பின், இடம், வலம் என நான்கு பக்கத்துக்கும் தனித்தனியாக இரண்டு அடுக்கு உண்டு. வெளியே கவசம், உள்ளே சேசிஸ் என்னும் அடிச்சட்டம். குண்டு முதலில் கவசத்தைத் தின்னும், அது தீர்ந்த பிறகு சேசிஸைத் தின்னும். இதோடு எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன், ஒவ்வொரு டயர், ஒவ்வொரு ஆயுதம் எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. டயர் போனால் கார் அந்தப் பக்கம் சாய்ந்து இழுக்கும், ஆனால் நிற்காது. நொண்டிக்கொண்டே சண்டையை முடிக்கலாம். பிரேக் அடிபட்டால் வளைவுக்கு முன்பே காலை எடுக்கப் பழக வேண்டும். ஓர் ஆயுதம் உடைந்தால் அது உடைந்ததுதான், அந்தப் பணி, அதாவது கதையின் அந்தக் கட்டம், முடியும்வரை கிடையாது. திரையில் ஒரே ஒரு ஆயுள் பட்டையைக் காட்டி அது சிவப்பாகும்வரை சுடும் விளையாட்டுகளைப் பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். மெக்வாரியரின் எலும்புக்கூடு இங்கேதான் தெரிகிறது; கை வேறு, கால் வேறு என்று அடிபட்ட இயந்திர மனிதனின் கணக்கு அப்படியே காருக்கு வந்திருக்கிறது.

எடையும் அப்படியே. கவசத்தை ஏற்றினால் கார் மந்தமாகும். பெரிய பீரங்கியைப் பூட்டினால் மூக்கு கனக்கும். முதலில் எல்லாரும் செய்யும் தவறு, நான்கு பக்கமும் கவசத்தைச் சமமாக நிரப்பி, கிடைத்ததில் பெரிய பீரங்கியை மாட்டிக்கொண்டு, அதை இழுக்கச் சக்தியில்லாத எஞ்சினோடு கிளம்புவது. மேட்டில் ஏறும்போது வேகம் செத்து, எதிரி பின்னால் வந்து நின்று நிதானமாகச் சுடுவான். முன்பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகம், பின்பக்கத்துக்கு அடுத்தது, பக்கவாட்டுக்கு மிச்சம் என்று வைப்பது பெரும்பாலான பணிகளில் சரியாக வருகிறது. நேருக்கு நேர் பாய்ந்து சுடுவதுதான் இந்த விளையாட்டின் இயல்பு என்பதால் முன்பக்கமே அதிக அடி வாங்கும். ஆயுதத்தில், தொடக்கத்துக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கி போதும். எடை குறைவு, தோட்டா தாராளம், குறி தவறினாலும் நஷ்டம் பெரிதில்லை. பின்பக்கத்தில் எண்ணெய் கொட்டுவதோ கண்ணிவெடி போடுவதோ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாலைப் பிடித்து வருபவனை உதறிவிட அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கைத்துப்பாக்கியும் இருக்கிறது. பக்கவாட்டுப் பார்வைக்கு மாறி, சன்னல் வழியே ஒரு கையால் சுடலாம். இதில் சிங்கப்பூர் ஓட்டுநர்களுக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் உண்டு. நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம், இடப்பக்கம் பார்த்தால் பக்கத்து இருக்கை. அமெரிக்கக் காரில் ஓட்டுநரே இடப்பக்கம் இருப்பதால், இடது சன்னல்தான் உங்கள் சன்னல், துப்பாக்கி வெளியே போகும் சன்னலும் அதுதான். அதனால் எதிரிக் காரை உங்கள் இடப்பக்கம் வரும்படி ஓட்டிப் பழகுங்கள். கவசம் கழன்று சேசிஸ் தெரியும் காரை முடித்துவைக்க அந்தத் துப்பாக்கி போதும். பெரிய ஆயுதத்தின் தோட்டா மிச்சமாகும். வேகமானியும் மைல் கணக்கில்தான். நம் விரைவுச்சாலையின் 90 கிலோமீட்டர் வரம்பு, முள்ளில் 56 ஆகத் தெரியும். சண்டையில் 100 ஐத் தொட்டால் 160 கிலோமீட்டர் என்று நினைவில் இருக்கட்டும். அந்த வேகத்தில் மணலில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் கார் சுழலாமல் இருக்காது. திரும்ப வேண்டுமென்றால் வேகத்தைப் பாதியாக்கி, கைப்பிரேக்கை ஒரு கணம் தட்டி, பின்பக்கம் வழுக்கியதும் விட்டுவிட்டு முடுக்குங்கள். பிடித்தே இருந்தால் கார் முழுச் சுற்றுச் சுற்றி எதிரிக்கு முதுகைக் காட்டி நிற்கும்.

ஆனால் இந்த விளையாட்டின் மையம் சண்டையில் இல்லை, சண்டை முடிந்த பிறகு வரும் பக்கத்தில் இருக்கிறது. டிரிப் என்று பெயரிட்ட கதைத் தொடரில் 17 பணிகள். கடை கிடையாது, காசு கொடுத்து எதையும் வாங்க முடியாது. வீழ்த்திய கார்களிலிருந்து ஸ்கீட்டர் கழற்றி வருவதுதான் உங்கள் உதிரிபாகம். பணிக்குப் பணி உங்கள் காரின் சேதமும் கூடவே வரும். எல்லாவற்றையும் அடுத்த பணிக்குள் சரிசெய்து தர ஸ்கீட்டருக்கு நேரம் போதாது. எதை முதலில் கொடுப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எஞ்சின் பாதி உயிரோடு இருக்கிறது, இடப்பக்கக் கவசம் ஓட்டை, நல்ல பீரங்கி ஒன்று உடைந்து கிடக்கிறது. இதில் எது முதலில்?

கைகொடுக்கும் வரிசை இது: முதலில் சஸ்பென்ஷனும் பிரேக்கும், பிறகு எஞ்சின், பிறகு கவசம், கடைசியில்தான் ஆயுதம். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. ஆயுதம் ஒவ்வொரு பணியிலும் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் எதிரிகள் எல்லாரும் அதைத்தான் சுமந்து வருகிறார்கள். பெரிய எஞ்சினும் நல்ல சஸ்பென்ஷனும் அப்படிக் கிடைக்காது. இன்னொன்று, ஸ்டீயரிங் நேராக நிற்காத காரில் எவ்வளவு பெரிய பீரங்கி இருந்தாலும் குறி வைக்க முடியாது. இங்கே குறி பார்ப்பது என்பதே காரின் மூக்கைத் திருப்புவதுதான். அதோடு, எதிரியின் காரில் நல்ல பொருள் இருப்பது தெரிந்தால் அதன் கவசமில்லாத ஒரு பக்கத்தையே அடித்து முடியுங்கள். எல்லாப் பக்கமும் தாறுமாறாகச் சுட்டால் கழற்றி எடுக்க எஞ்சுவது குறையும்.

சிங்கப்பூரில் அந்தக் காலத்து, பெரிய எஞ்சின் பூட்டிய அமெரிக்க மசில் கார் ஒன்றைச் சாலையில் காண்பதே அபூர்வம். வாகன உரிமைச் சான்றிதழ், சாலை வரி, இடப்பக்க ஸ்டீயரிங் என்று ஆயிரம் தடை. 35 வயதைத் தாண்டிய கார்களுக்கான கிளாசிக் திட்டத்திலும் ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள்தான் ஓட்டலாம். பத்தாண்டில் காரை மாற்றிவிடும் ஊரில், ஒரே காரைக் கதை முழுக்கத் தைத்துத் தைத்து ஓட்டும் இந்த அனுபவத்துக்குத் தனிச் சுவை இருக்கிறது.

இனி அதை ஓட வைக்கும் வழி. முதலில் ஏன் ஃபிரேம் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பெட்டியில் போட்டிருந்த குறைந்தபட்சத் தேவை பென்டியம் 90 செயலி, 16 மெகாபைட் நினைவகம். அப்படிப்பட்ட கணினியில் வினாடிக்கு 20 ஃபிரேம் வந்தாலே நல்ல ஓட்டம். காரின் இயக்கக் கணக்கை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு முறை போடும்படி எழுதியிருக்கிறார்கள். 20 ஃபிரேமில் ஒவ்வொரு கணக்குக்கும் 50 மில்லிவினாடி இடைவெளி. இன்றைய கணினியில் 60 ஃபிரேம் ஓடினால் அது 17 மில்லிவினாடிக்கும் குறைவு. இடைவெளி மாறும்போது கணக்கின் விடையும் மாறிவிடுகிறது. அதனால்தான் சாய்தளத்தில் ஏறிப் பாயும் கார் போதிய தூரம் போகாமல் விழுகிறது, தீப்பீச்சியின் நெருப்பு குட்டையாகிறது, எதிரிக் கார்களின் நடத்தையும் கோணலாகிறது. வெளிவந்த காலத்தில் யாரும் இதைக் காணாததற்குக் காரணம், அவ்வளவு வேகமான கணினி அன்று யாரிடமும் இல்லை என்பதுதான். உங்கள் ஓட்டத் திறமையில் பிழை இல்லை.

பழைய விளையாட்டுகளை விற்கும் கோக் (GOG) இணையக் கடையில் மூல விளையாட்டும் அதன் நைட்ரோ கூடுதல் தொகுப்பும் சேர்ந்து வருகின்றன. வாங்கி இறக்கியதும் விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிறுவாதீர்கள். சேமிப்புக் கோப்புகளை விளையாட்டு தன் கோப்புறையிலேயே எழுதும். அங்கே எழுத விண்டோஸ் தடுக்கும். சி டிரைவில் நேரடியாகக் ‘கேம்ஸ்’ என்று ஒரு கோப்புறை போட்டு அதில் வையுங்கள்.

அடுத்தது டிஜிவூடூ 2. பழைய 3டிஎஃப்எக்ஸ் வூடூ என்னும் கிராஃபிக்ஸ் அட்டை கணினியில் இருப்பதாக விளையாட்டை நம்பவைக்கும் இலவச மென்பொருள் அது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சில வைரஸ் தடுப்பான்கள் இதைத் தவறாகச் சந்தேகிக்கும் என்பதால் வேறு இடத்துக் கோப்பை நம்ப வேண்டாம். சுருக்கக் கோப்பைப் பிரித்தால் 3டிஎஃப்எக்ஸ் என்ற கோப்புறைக்குள் எக்ஸ்86, எக்ஸ்64 என இரண்டு இருக்கும். எடுக்க வேண்டியது எக்ஸ்86. விளையாட்டு 32 பிட், உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. பலர் தவறுவது இங்கேதான். எக்ஸ்64 கோப்பைப் போட்டுவிட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்பார்கள். அதிலுள்ள கிளைட் (வூடூ அட்டைக்கான வரைதல் முறை) கோப்புகளை விளையாட்டின் கோப்புறைக்கு நகலெடுங்கள். அதே பெயரில் ஏற்கனவே கோப்பு இருந்தால் அழிக்காமல் பெயர் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். டிஜிவூடூவின் கட்டுப்பாட்டுப் பலகக் கோப்பையும் அங்கேயே வையுங்கள். பிறகு விளையாட்டின் குறுக்குவழியைத் திறந்து, இலக்கு வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் கிளைட் என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள். அது இல்லாவிட்டால் விளையாட்டு பழைய மென்பொருள் வரைதலில் ஓடும். 256 வண்ண முறை இன்றைய விண்டோஸில் சிதைந்து பச்சையும் ஊதாவுமாகத் தெரியக்கூடும்.

கட்டுப்பாட்டுப் பலகத்தில், படத்தை நீட்டும் முறையை விகிதம் காக்கும் தேர்வில் வையுங்கள். 1920க்கு 1080 திரையில் படம் 1440க்கு 1080 ஆக நடுவில் நிற்கும், இருபுறமும் கறுப்பு. அகலத் திரை முழுக்க இழுத்தால் சக்கரம் முட்டைபோல ஆகும், தூரம் கணிப்பதும் தவறும். அடுத்ததுதான் முக்கியம். பலகத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து எல்லாப் பிரிவுகளையும் காட்டச் சொன்னால், மறைந்திருக்கும் பொதுக் கூடுதல் பிரிவு வெளியே வரும். அதில் ஃபிரேம் வரம்பு என்ற வரி பூஜ்யத்தில் இருக்கும். பூஜ்யம் என்றால் வரம்பில்லை. அதை 20 ஆக்குங்கள். 24, 25 வரை போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது; 30 ஐத் தாண்டினால் கோளாறு ஆரம்பம். இன்றைய கண்ணுக்கு 20 ஃபிரேம் முதல் ஐந்து நிமிடம் தடுமாறும், பிறகு பழகிவிடும். ரசிகர்கள் செய்த திருத்தக் கோப்புகளிலும் இதே வரம்பைப் போடும் வசதி உண்டு. இரண்டில் ஒன்று போதும், இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றோடொன்று மோதித் திக்கும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கதையைத் தொடங்க வேண்டாம். தனிச் சண்டை முறையில் தீப்பீச்சி பூட்டிய காரை எடுத்து, சமதளத்தில் நின்று பீச்சிப் பாருங்கள். நெருப்பு காரின் நீளத்தைத் தாண்டிப் பல மடங்கு போக வேண்டும். அது சரியென்றால் பள்ளம் தாண்டுவதும் சரியாகவே இருக்கும். கார் நின்ற இடத்தில் துடித்துக்கொண்டிருந்தால் வரம்பு வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஓட்டும் கருவி பற்றி ஒரு வார்த்தை. விசைப்பலகையால் ஆடலாம், ஆனால் ஸ்டீயரிங் எப்போதும் முழுக்கத் திரும்பும் அல்லது நேராக நிற்கும், நடுவில் எதுவும் இல்லை. ஜாய்ஸ்டிக் ஒன்று இருந்தால் விளையாட்டே வேறாக இருக்கும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் வேலை செய்யும், ஆனால் அதன் இரண்டு டிரிகரையும் பழைய முறை ஒரே அச்சாகப் படிக்கும். ஒன்றை முடுக்கவும் மற்றதைப் பிரேக்குக்கும் வைத்து இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். முடுக்குவதை இடது குச்சிக்கோ ஒரு பொத்தானுக்கோ மாற்றுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில் ஆடுபவர்கள் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டாருக்கு மட்டும் அல்ல, வானொலியில் டாரஸ் தரும் எச்சரிக்கையை எஞ்சின் சத்தத்துக்கு நடுவே பிடிக்கவும்தான்.

பழைய பெட்டியோடு இரண்டு சிடி தட்டு வேண்டும் என்பவர்களுக்கு: கரோசெல் போன்ற பழைய பொருள் விற்கும் இணையச் சந்தைகளில் எப்போதாவது வரும். சிம் லிம் ஸ்குவேர் என்ற மின்னணுப் பொருள் வளாகத்தில் புதிய கடைகளைச் சுற்றி இதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். அங்கே போக வேண்டியது யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கத்தான். தட்டை வாங்கும் முன் எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்கும்படி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளைபோல ஒளி வந்தால் வேண்டாம். அடிப்பக்கக் கீறலை ஓரளவு மெருகேற்றிச் சரிசெய்யலாம், எழுத்துப் பக்கக் கீறலைச் சரிசெய்யவே முடியாது. தகவல் தாங்கும் படலம் அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது. 80 விழுக்காட்டைத் தொடும் நம் ஊர் ஈரப்பதத்தில் பல ஆண்டு அலமாரியில் கிடந்த தட்டில் பூஞ்சை வலைபோலப் படர்ந்திருப்பதும் சாதாரணம். வாங்கியதும் முதல் வேலை இரண்டு தட்டையும் கணினியில் பிம்பமாக, அதாவது தட்டின் முழு நகலாக, எடுத்து வைப்பது. இசை ஆடியோ சிடி தடங்களாக இருப்பதால், கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் சண்டை மௌனமாக நடக்கும். 1997 இன் முதல் பதிப்பு வூடூ ஆதரவு இல்லாமல் வந்தது. பெட்டியின் மேலட்டையில் கோல்டு பதிப்பு என்று இருந்தால்தான் மேலே சொன்ன வழி நேராகப் பொருந்தும். அந்தக் காலத்து நிறுவிகள் பல 16 பிட் என்பதால் 64 பிட் விண்டோஸில் தொடங்கவே மறுக்கும். இத்தனை பாடும் சேகரிப்பவர்களுக்குத்தான் தகும். ஆடுவதற்கு மட்டும் என்றால் கோக் பதிப்பு போதும், அதில் தட்டும் தேவையில்லை, இசையும் கூடவே வருகிறது.

குறைகளும் நிஜமானவை. பணியின் நடுவே சேமிக்க முடியாது. சில பணிகள் நீளம்; முக்கால் மணி நேரம் ஓட்டி, கடைசிக் காரிடம் வீழ்ந்தால் மனம் நோகும். வழி காட்டும் அம்பு கிடையாது, குறிப்பேட்டு வரைபடத்தையும் வானொலிப் பேச்சையும் வைத்தே போக வேண்டும்; ஆங்கிலத்தில் வேகமான எழுபதுகளின் கொச்சை என்பதால் ஒரு வாக்கியம் தவறினால் எங்கே போவது என்று தெரியாமல் மணலில் சுற்ற நேரும். பலருடன் சேர்ந்து ஆடும் வசதி இன்று பெயருக்குத்தான். அன்றைய இணையச் சேவை இல்லை, உள்வலையில் ஆட அது எதிர்பார்க்கும் ஐபிஎக்ஸ் என்ற பழைய வலையமைப்பு முறையை விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கதையின் தொடக்கமே கொலை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

அதே 1997 இல் வந்த கார்மகெடான் மோதி நொறுக்கும் கொண்டாட்டம். 1995 இன் டுவிஸ்டட் மெட்டல் பிளேஸ்டேஷனுக்கான அரங்கச் சண்டை. அவற்றை எதிர்பார்த்து வந்தால் இது மெதுவாகத் தெரியும். 1985 இல் ஓரிஜின் வெளியிட்ட ஆட்டோடூயல் தான் இதற்கு நெருங்கிய உறவு. காரைப் பாகம் பாகமாகக் கட்டி எடையைக் கணக்குப் பார்க்கும் அந்த மனநிலை அதிலும் உண்டு. 1999 இன் இன்டர்ஸ்டேட் 82 இல் காரை விட்டு இறங்கி நடக்கலாம், வேகமும் அதிகம். ஆனால் பழுது பார்க்கும் அந்தப் பொறுமையும் டாரஸுடனான பயணத்தின் கனமும் அதில் இல்லை. முதல் விளையாட்டு பிடித்தவர்கள் அதை எதிர்பார்ப்போடு வாங்க வேண்டாம்.

1998 இன் நைட்ரோ தொகுப்பு அப்படியல்ல, ஆடலாம். தொடர்கதை இல்லை, ஜேட், டாரஸ், ஸ்கீட்டர் என மற்றவர்களின் இருக்கையிலும் உட்காரவைக்கும் தனித்தனிப் பணிகள், புதிய கார்கள். டிரிப்பை முடித்த பிறகு ஆடினால்தான் இவர்கள் யார் என்ற பிடிப்பு இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: நைட்ரோ தனி நிரலாகத் தொடங்குகிறது. அதற்கென்று தனிக் கோப்புறை இருந்தால் கிளைட் கோப்புகளையும் டிஜிவூடூ அமைப்புக் கோப்பையும் அங்கேயும் நகலெடுத்து, அதன் குறுக்குவழியிலும் அந்தச் சொல்லைச் சேர்த்து, ஃபிரேம் வரம்பு 20 இல் இருக்கிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.